மேஸ்திரி நுழைந்த நீலக் குழாய்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. திருவொற்றியூரில் நாய்களுக்கான தடை தாண்டும் போட்டி. நேரம் குறிக்கும் ஆள் வராததால், வேடிக்கை பார்க்க நின்ற என் கையில் ஸ்டாப் வாட்சைத் திணித்தார்கள். அன்று பார்த்ததை இரண்டு மாதமாக எழுதுகிறேன். ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: கடல்காற்று வீசிய அந்தக் காலையில் ஜானட் தன் நாயுடன்——

வேண்டாம். அன்று காற்றே இல்லை. கொடிகள் கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தன. (இதை நினைவில் வையுங்கள். பின்னால் ஒரு துணி அசையும்.)

ஜானட்டுக்கு ராயபுரம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய கணவன் லூயிஸ் போன ஆகஸ்டில் மாரடைப்பில் போய்விட்டான். அவன் விட்டுப்போன நாய் எதையும் முகர்ந்து, காலால் தட்டிப் பார்த்து, திருப்தியானால்தான் அடியெடுத்து வைக்கும். மேஸ்திரி என்று பெயர் வைத்தவன் அவன்தான்.

திடலைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே லூயிஸின் தம்பி நோயல் நாய்ச் சங்கிலியோடு நின்றான்.

"அண்ணி, பேசினது பேசினதுதான். நாயி போட்டிய முடிச்சிட்சினா உங்க வூட்லயே இருக்கட்டும். இல்லாங்காட்டி அத்திப்பட்டு குடோனுக்கு இட்டுகினு பூடுவேன். காவலுக்கு நாயில்லாம பேஜாரா கீது."

"இது இன்னாத்த காவல் காக்கும் நோயலு? பூனைய பாத்தாலே ஒதுங்கி வழி வுடும்."

"கட்டிப்போட்டா தானா குலைக்கும்."

[லூயிஸ் பழக்கிய விதத்தில் ஒரு பிசகு. மழைநீர் வடிகாலுக்காகத் தெருவோரம் இறக்கிப் போட்டிருந்த சிமெண்ட் குழாய்களில்தான் பழக்கினான். நாயோடு கூடவே ஓட வேண்டும் என்பது முறை. அவனோ மறுமுனையில் தலையை நுழைத்துக் கூப்பிடுவான். குழாய் என்றால் அந்தப் பக்கம் லூயிஸ் இருப்பான் என்று மேஸ்திரி கற்றுக்கொண்டது.]

3

மேஸ்திரி கட்டைகளைத் தாண்டியது. பலகையில் ஏறி இறங்கியது. கடைசியாக நீலத் துணிக் குழாய். மூன்று முறை மறுத்தாலோ, குறித்த நேரம் கடந்தாலோ வெளியேற்றிவிடுவார்கள்.

ஜானட் கையைக் காட்டினாள். மேஸ்திரி நின்றது. ஒன்று.

"இன்னா மேஸ்திரி, பைப்புல லீக்கு பாக்குறியா?" என்றார் மைக்கில் வர்ணனை செய்துகொண்டிருந்த பக்தவச்சலம். கூட்டம் சிரித்தது.

இரண்டு.

இங்கே ஜானட் கண்கலங்கி—— இல்லை. அவள் அழவில்லை.

மறுமுனையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். யாருமில்லை. திரும்பினால், மேஸ்திரியின் காதுகள் விறைத்திருந்தன. வால் மெல்ல ஆடியது, பழகிய குரலுக்கு ஆடுவதுபோல. முகராமல், தட்டிப் பார்க்காமல், உள்ளே போனது.

4

துணிக் குழாய்க்குள் நாய் போனால் வெளியே ஒரு புடைப்பு தெரியும். தெரிந்தது. நடுப்பகுதியை நோக்கி நகர்ந்தது.

மறுமுனையிலிருந்தும் ஒன்று நகர்ந்து வந்தது. நாயைவிடப் பெரியது. ஆள் தவழ்கிற வேகம்.

இரண்டும் நடுவில் சேர்ந்து நின்றன.

நோயலின் கையிலிருந்த சங்கிலி மண்ணில் விழுந்தது. "அண்ணி," என்றான் சின்னக் குரலில். "நாயிய மட்டும் கூப்புடுங்க."

5

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் நாய் மட்டும் வருகிறது. அடுத்ததில் துணி தட்டையாகிறது, எதுவும் வரவில்லை. மூன்றாவதை எழுதிய தாளை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாமல் காசிமேட்டுக் கடலில் விட்டுவிட்டு வந்தேன்.

நடந்ததைச் சொல் என்பீர்கள். நேரம் குறிப்பவன் பார்க்க வேண்டியது கடிகாரத்தை. நான் கடைசியாகக் கண்டது இதுதான்; அதற்குப் பிறகு கண்ணை உயர்த்தவில்லை.

ஜானட் மறுமுனையில் மண்டியிட்டு, லூயிஸ் செய்ததுபோலவே தலையை உள்ளே நுழைக்கிறாள். ஒரு பெயரைக் கூப்பிடத்தான் அவளுக்கு மூச்சிருக்கிறது. நேரம் முடிய இன்னும் ஆறு வினாடி. என் கட்டைவிரல் பொத்தான்மேல் இருக்கிறது.

எந்தப் பெயர் என்று நீங்கள் சொல்லும்வரை அமுக்க மாட்டேன்.