அடுத்த வண்டியில் வா

குளிர்பெட்டியைத் தூக்கிவந்த இருவரையும் ஐந்து வயது நிறைமதி குழாயடியில் மறித்தாள்.

“கை கழுவுனீங்களா?”

“பாப்பா, நாங்க சாவுப் பொட்டி எடுத்தாந்திருக்கோம்.”

“மொழங்கை வரைக்கும் கழுவணும்.”

இருவரில் மூத்தவரான ராஜவேல் பெட்டியை இறக்கிவைத்துவிட்டுக் கழுவினார். துக்க வீட்டிலிருந்து போகும்போது கழுவுவதுதான் ஊர் வழக்கம். கீரப்பாளையத்தில் இந்த ஒரு வீட்டில் மட்டும், காலையிலிருந்து வருகிறவர்கள் கழுவிக்கொண்டிருந்தார்கள். மாலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அழுகையைக் கொஞ்சம் நிறுத்திவைத்து, சோப்புப் போட்டு. விடியற்காலை மாரடைப்பில் போன கொளஞ்சியப்பன் ஊரை அப்படிப் பழக்கிவைத்திருந்தார்.

மருமகள் சந்திரலேகா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு மணிக்கு எடுக்கிறார்கள். கொளஞ்சியப்பனின் அக்கா மலர்க்கொடி இன்னும் வரவில்லை.

சந்திரலேகாவின் மகள் நிறைமதி ஏழாம் மாதத்திலேயே பிறந்தவள். பெயரில்தான் நிறைவு. ஒன்றரை மாதம் சிதம்பரத்தில் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் கிடந்து வீட்டுக்குக் கிளம்பியபோது எடை ஒன்றே முக்கால் கிலோ.

“இங்க நாங்க இருந்தோம். வீட்டுலதான் பயம் ஜாஸ்தி,” என்றார் நர்ஸ் ஷஹனாஸ். “சளி, இருமல் யாரையும் கிட்ட வுடாதீங்க. தொடுறவங்க கை கழுவணும்.”

அதை அவர் சந்திரலேகாவின் கணவன் இளவரசிடம்தான் சொன்னார். பக்கத்தில் நின்ற கொளஞ்சியப்பன் தன் உத்தரவாக எடுத்துக்கொண்டார். முப்பது வருஷம் கடலூர்–சிதம்பரம் பஸ்ஸில் கண்டக்டர். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். குழாயில் சோப்பைக் கயிற்றில் கட்டினார். கழுத்தில் பழைய விசில். முழங்கை வரை நுரை வந்தால் “ரைட்”, இல்லாவிட்டால் யாரும் ஏற முடியாது. செவ்வாய்தோறும் எடை பார்க்க வந்த ஷஹனாஸையே ஒருமுறை குழாய்க்குத் திருப்பி அனுப்பினார். இரண்டு மணிக்கொரு தடவை பாலுக்கு ஒரு விசில். சந்திரலேகா அசந்துவிட்டால் இரண்டு.

அந்தச் சமயத்தில்தான் மலர்க்கொடி மஞ்சக்குப்பத்திலிருந்து வெள்ளிக் கொலுசோடு வந்து, வாசலில் ஒரே ஒரு தும்மல் தும்மினார்.

“எடமில்லக்கா. அடுத்த வண்டில வா.”

“என்னடா, கூடப் பொறந்தவளயா?”

“ஜலதோசத்துக்கு ஒறவு தெரியாதுக்கா.”

“இனிமே ஒன் சாவுக்குக்கூட இந்த வாசல மிதிக்க மாட்டேன்.”

“மிதிச்சா கை கழுவிட்டு மிதி.”

அதோடு பேச்சு நின்றது. ஐந்து வருஷம்.

“என்னாலதான மாமா பெரியம்மா வர்றதில்ல?” என்று சந்திரலேகா ஒருநாள் கேட்டாள்.

“ஊர் சனத்தயெல்லாம் எறங்க வேண்டிய எடத்துல எறக்கிவுட்டவன்மா நானு. பேத்திய நடுவழில வுடுவனா?”

மாமனாருக்கு நன்றி சொல்லும் பழக்கம் அந்த வீட்டில் கிடையாது. அன்றைக்கு அவர் டீயில் ஒரு கரண்டி சர்க்கரை கூடப் போட்டாள்.

இப்போது இளவரசு போனோடு சந்திரலேகாவிடம் வந்தான். “அத்த எடுக்கவே மாட்டேங்குது.”

சந்திரலேகா போனை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். மலர்க்கொடிக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள்.

“பெரியம்மா, எடம் இருக்கு. வாங்க.”

மூன்றே முக்காலுக்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது. மலர்க்கொடி இறங்கி, அழாமல் நேராக வாசற்படிக்கு வந்தார். ஒரு காலைத் தூக்கினார். அப்படியே நின்றார். பிறகு திரும்பிக் குழாயடிக்குப் போனார். வளையல்களை மேலே ஏற்றிவிட்டு, விரலிடுக்கெல்லாம் தேய்த்து, முழங்கை வரை சோப்புப் போட்டார்.

“போதுமாடி?”

நிறைமதி நுரையை உற்றுப் பார்த்தாள்.

“ரைட்.”

மலர்க்கொடி உள்ளே வந்து பெட்டியின் மேல் இரண்டு கைகளையும் வைத்தார். கண்ணாடியில் பத்து விரலும் ஈரமாகப் பதிந்தன. ராஜவேல் துடைக்கத் துணியோடு வந்தார். சந்திரலேகா அந்தத் துணியை அவரிடமிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.