கவனிப்பவர்: பிலோமி

"லெஃப்டுல ஒடிப்பா, தாங்கல!"

ஆட்டோ கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார் அருள்நாதன். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் திருவொற்றியூர் சாலையை அடைத்துக்கொண்டு, அசையாமல் நின்றன.

"ஆட்டோவுக்கு றெக்கையா கீது நைனா?" என்றான் டிரைவர் வல்லரசு. ஆனாலும் இரண்டு லாரிகளுக்கு நடுவே சந்து தெரிந்ததும் மூக்கை நுழைத்துவிட்டான். "உன்னால என் உசுரு போயிடும் போலகீதே!"

அருள்நாதனுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. அடிவயிறு முட்டியது. சிறுநீர்ப்பையில் புற்று வந்ததிலிருந்து அரை மணிக்கு ஒரு தரம் போயாக வேண்டும். மடியிலிருந்த மஞ்சள் பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார்.

காலை ஆறரைக்கே மகிமா போன் செய்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் புது மருந்துச் சோதனையைக் கவனிக்கிற பெண். "ஐயா, அம்மா மெசேஜ் அனுப்பியிருக்காங்க. காய்ச்சல் நூத்திரண்டாமே! இந்த மருந்துல காய்ச்சல்னா விளையாட்டில்ல. உடனே கிளம்பி வாங்க."

அந்த மருந்து புற்றை நேரே அடிப்பதில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியை உசுப்பி அதன்மேல் ஏவிவிடும். ஏவிய நாய் சில சமயம் வீட்டுக்காரனையே கடிக்கும். அதனால் சோதனைக்கு ஒரு கறாரான விதி வைத்திருந்தார்கள்: வீட்டில் கவனிக்க ஆள் இருக்க வேண்டும், ஒண்டி ஆளுக்கு மருந்து கிடையாது. படிவத்தில் 'கவனிப்பவர்' என்ற இடத்தில் மனைவி பிலோமியின் பெயரையும் போன் நம்பரையும் எழுதினார் அருள்நாதன். அவளுக்குக் காது மந்தம், மெசேஜ் மட்டும்தான் என்றும் சொல்லிவைத்தார்.

மூன்று மாதமாகத் தினமும் பிலோமியிடமிருந்து காய்ச்சல் அளவு வந்துவிடும். கூடவே ஒரு வசவும் வரும். 'கஞ்சிய தொடல கெய்வன்.' 'நாக்கு கருவாடு கேக்குது. தருவனா நானு?' படித்துவிட்டு நர்சுகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் இறங்கியதும் கழிப்பறைக்கு ஓடினார். வெளியே வந்தவரைப் பிடித்துக் கட்டிலில் படுக்க வைத்தாள் மகிமா.

"மூச்சு வாங்குதா ஐயா?"

"நல்லா கீறேம்மா. மழைல நனைஞ்சிட்டேன். அவ சும்மா பேஜாரு பண்றா."

முப்பத்தோரு வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். எவன் கேட்டாலும் அவர் வாயில் வருவது அந்த 'நல்லா கீறேன்'தான்.

மகிமா தன் போனை நீட்டினாள். "அப்போ இது என்ன?"

'காய்ச்சல் 102. ராத்திரி பூரா நடுங்கிகினு இருந்தாரு. கேட்டா நல்லா கீறேன்னுவாரு. நம்பாத கண்ணு. பயமா கீது.'

அருள்நாதன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நுரையீரலைத் தாக்கியிருக்கான்னு டாக்டர் பயப்படறார். மூச்சு வாங்கறது எத்தனை நாளா இருக்குன்னு தெரியணும். நீங்க சொல்ல மாட்டீங்க. அம்மாகிட்டயே கேட்டுக்கறேன்."

"அவளுக்குக் காது…"

"அக்கம்பக்கத்துல யாராவது எடுக்கட்டும்."

வாயைத் திறந்தால் மருந்து நின்றுவிடும். போன மாச ஸ்கேனில் கட்டி பாதியாய்ச் சுருங்கியிருந்தது. அருள்நாதன் பல்லைக் கடித்துக்கொண்டார். மகிமா நம்பரைத் தட்டினாள்.

கட்டிலின் கால்மாட்டில், மஞ்சள் பைக்குள் கோயில் மணி அடித்தது.

மகிமா பையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"அம்மா போன் உங்க பையில இருக்கு. அப்போ காலையில மெசேஜ்… ஐயா, அவங்க எங்க?"

அருள்நாதன் பைக்குள் கையை விட்டு போனை எடுத்தார். திரையில் மகிமாவின் பெயர் மின்னியது. அணைத்தார்.

"மூணு நாளா மூச்சு வாங்குதும்மா," என்றார். "மாடிப்படி ஏற முடியல."

பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"பிலோமிய காசிமேட்டு கல்லறைல வெச்சி ரெண்டு வருசம் ஆவுது."