பல்வலிக்கு வைத்த பெயர்

"உங்க முகத்தை எப்படிங்க வரையறது? பூட்டின கதவு மாதிரில்ல இருக்கு."

"தட்டிப் பாரேன்."

"தட்டியாச்சு. உள்ள ஆள் இல்ல."

நீர்வண்ணம் பழக ஆரம்பித்த புதிதில் மனைவி சொன்னது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரான கணவர் அன்றைக்குச் சிரித்துவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு வந்தவர் போனவரெல்லாம் படமாகிவிட, ஈரக் காகிதத்துக்கு ஹேர் டிரையர் பிடிக்கிற வேலைதான் அவருக்கு நிரந்தரமாயிற்று. என்னையும் வரையேன் என்று கேட்கத் தொண்டைவரை வரும், விழுங்கிக்கொள்வார்.

யாரிடமும் போய்க் கற்காத அவளுக்குத் தனி வழி. உணர்ச்சியைக் கேட்டு வாங்க மாட்டாள், கிளப்பிவிடுவாள். 'ஆத்திரம்' வேண்டுமென்று நாத்தனாரின் ஒற்றைச் செருப்பை ஒளித்தாள். 'பீதி'க்காக மாடிவீட்டு வக்கீல் மடியில் பூனையைப் போட்டாள். தம்பிக்குக் கடைவாய்ப் பல் வலித்த அன்று, டாக்டரிடம் விடாமல் உட்காரவைத்து 'வேதனை'யை வரைந்து முடித்தாள்.

நூலகத்து மாடி அறையில் கண்காட்சி. பெயர் அட்டை ஒட்டுவது அவர் பொறுப்பு. அட்டைகள் கலைந்து கிடந்தன. முகங்களைப் பார்த்து அவரே முடிவுசெய்து ஒட்டிவிட்டார்.

கூட்டம் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் மைத்துனன் ஓடிவந்தான்.

"மாமா, என் படத்துக்குக் கீழ 'காதல்'னு இருக்கு! யாருடா அந்தப் பொண்ணுன்னு எல்லாரும் குடையறாங்க!"

"பல்லுன்னு சொல்லு மாப்ளே."

"ஒருத்தரும் நம்பல. எனக்குப் பொண்ணு பாத்துட்டிருக்காங்க மாமா, குடியைக் கெடுத்தீங்களே!"

அவனுக்குப் பின்னால் மனைவி. பக்கத்து வீட்டுப் புதுப்பெண் கணவனைப் பார்த்து நிற்கும் படத்தில் 'வேதனை' என்றிருந்ததையும் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"கன்னம் வீங்கி, கண்ணு கலங்கி, வாய் கோணி நிக்கிறான். இதுல உங்களுக்கு எங்கங்க காதல் தெரிஞ்சுது?"

அவர் ஒட்டுப்பசை டப்பாவைத் திறந்தார், மூடினார்.

"நீ வரையும்போது நான் டிரையரோட பக்கத்துல நிக்கிறேன்ல? எதிர்த்த அலமாரிக் கண்ணாடியில என் மூஞ்சி தெரியும். அச்சு அசல் இதே மூஞ்சி."

"வீக்கத்தோடயா?"

"வீக்கம் இல்லாம."

மைத்துனன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நைசாக நழுவினான். அவள் சிரிக்கவில்லை. முதல்தடவையாகப் பார்ப்பதுபோல அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குக் காதுமடல் சுட்டது.

"ஒரே ஒரு தடவை," என்றார், "என்னையும் வரையேம்மா."