பாக்கெட்டைப் பார்க்காமல் போடாதே

நான் கூரை ஓட்டை வழியாக நட்சத்திரம் பார்த்து வளர்ந்தேனாம். விருது விழாவில் வாசிப்பதற்காக எங்கள் ஆய்வு நிலையத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி எழுதிய அறிமுகக் குறிப்பு அப்படித்தான் தொடங்கியது. எங்கள் வீடு மூன்றாவது மாடி. மேலே இன்னும் இரண்டு மாடி. கூரையில் ஓட்டை போட்டால் மேல்வீட்டுக்காரரின் கட்டிலடிதான் தெரியும்.

அடுத்த வரி அதைவிட மோசம்: 'படிப்பறிவற்ற சலவைத் தொழிலாளியின் மகள்.'

நேராக அவர் அறைக்குப் போனேன்.

"எங்கம்மா எட்டாவது பாஸ். யாரைக் கேட்டு இப்படி எழுதினீங்க?"

"மேடம், கேக்கறவங்க கண்ணுல தண்ணி வரணும்."

"அப்போ ஆளுக்கொரு வெங்காயம் குடுங்க."

"மாத்திடறேன் மேடம், மாத்திடறேன்."

இரண்டு தடவை சொன்னதுமே எனக்கு நம்பிக்கை போய்விட்டது. மனிதர் கையில் தாளைக் கொடுத்தால் தடங்கலே இல்லாமல் வாசிப்பார், அதில் என்ன இருக்கிறது என்றுதான் பார்க்கமாட்டார். ஒருமுறை மேடையில் 'தொடர்ச்சி மறுபக்கம்' என்பதையும் கம்பீரமாக வாசித்தவர்.

விருதைப் பற்றி எனக்குப் பதற்றம் இல்லை. அம்மா முதல் வரிசையில் உட்காரப்போகிறாள். அதற்காக ஹோட்டல் சலவைக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் பெருமையடித்திருந்தாள். முந்நூறு பேர் நடுவில் அந்த வார்த்தை அவள் காதில் விழக் கூடாது. என் கவலை அது ஒன்றுதான்.

சலவைக்கூடத்தில் அவளுக்கு இரண்டு வேலை. மெஷினில் போகும் முன் ஒவ்வொரு துணியின் பாக்கெட்டையும் பார்ப்பது. அழியாத மைப் பேனாவால் துணியோரத்தில் அறை எண் எழுதுவது. பல்செட், மோதிரம், அனுப்பாத காதல் கடிதம் என்று அவள் எடுக்காத சாமான் இல்லை. சேர்ந்த புதிதில் ஒரே ஒரு நாள் அசந்துவிட்டாள். ஒரு பேனா நாற்பது வெள்ளைச் சட்டைகளை நீலமாக்கிவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் யார் சட்டையைக் கழற்றினாலும் ஒரே மந்திரம்தான்: "பாக்கெட்டைப் பாக்காமப் போடாதே!"

நான் இயற்பியல் எடுத்ததற்கு வானம் காரணம் இல்லை, கோபம்தான் காரணம். "உங்க வீட்டுல சொல்லிக்குடுக்க ஆளில்ல, வேற பாடம் எடும்மா" என்றார் தலைமையாசிரியை. எடுத்தே தீருவது என்று எடுத்தேன். கல்லூரியில் என்னை 'முதல் பட்டதாரி' என்று அறிமுகப்படுத்துவார்கள், ஏதோ முதல்முறையாக நிமிர்ந்து நடந்த குரங்கைக் காட்டுகிற மாதிரி. ஆராய்ச்சிப் படிப்பு நேர்காணலில் ஒருவர், "குடும்பத்துல அறிவியல் பின்னணி உண்டா?" என்றார்.

"கறை பின்னணி உண்டு சார். ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணி, எண்ணெய்க் கறைக்கு வெந்நீர். மாத்திப் போட்டா ரெண்டும் போகாது."

சிரித்தவர் ஒரே ஒருவர். அவர்தான் என் கைடு.

விண்வெளித் தொலைநோக்கி அரைமணிக்கு ஒருமுறை அளந்து அனுப்பிய நட்சத்திர வெளிச்சத்தில் கோள்களைத் தேடுவது எங்கள் வேலை. கோள் குறுக்கே வந்தால் வெளிச்சம் குறையும். மாறாகக் கூடினால், கருவிக் கோளாறு என்று கைடின் கணினி நிரல் அந்த அளவுகளை வெட்டி 'குப்பை' என்ற ஃபோல்டரில் தள்ளிவிடும். பதினோரு வருடமாக அதை ஒருவரும் திறக்கவில்லை. எனக்குக் கை அரித்தது. திறந்தேன்.

ஒரு நட்சத்திரம் நாற்பத்தொரு நாளுக்கு ஒருமுறை, நாலே மணி நேரம், கொஞ்சம் கூடுதலாக மின்னியது. கோளாறு காலண்டர் பார்த்தா வரும்? அதைச் சுற்றிச் செத்த நட்சத்திரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நம் கண்ணுக்கே சிக்காத அது, குறுக்கே வரும்போதெல்லாம் பூதக்கண்ணாடி போலத் தன் ஜோடியின் ஒளியைக் குவித்துக் காட்டியது. குப்பையிலிருந்து இப்படி ஒன்பது ஜோடிகளை எடுத்தேன்.

கைடு தலையில் கைவைத்தார். "பதினோரு வருஷமா நானேதான் தூக்கிப் போட்டேனா?"

"பாக்கெட் பாக்கல சார்."

அந்த ஒன்பதுக்குத்தான் விருது.

விழாவன்று மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் அம்மா, அப்பா, நான் மூவரும் காத்திருந்தோம். அதிகாரி கசங்கிய கோட்டோடு வந்தார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, அதைக் கழட்டுங்க. பஸ் சீட்டுக்கு அடியில கெடந்த மாதிரி இருக்கு."

"பரவாயில்லம்மா..."

"கழட்டிடுங்க சார்," என்றார் அப்பா. "கல்யாணத்தன்னிக்கு என் மூஞ்சியைக்கூட அப்புறந்தான் பாத்தா. மொதல்ல காலர்."

மூலையில் இஸ்திரிப் பெட்டி இருந்தது. அதிகாரி கோட்டைக் கொடுத்துவிட்டு விருந்தினர்களை வரவேற்க ஓடினார். என்னை மைக் மாட்டக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தபோது, அம்மா ஓர் அட்டையை மடித்து அந்தக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டிருந்தாள். சலவைக்கூடப் பேனா அவள் காதில் செருகியிருந்தது.

"என்னம்மா அது?"

"கறை இருந்துச்சு. எடுத்துட்டேன்."

அதிகாரியின் அறிமுகக் குறிப்பு அதில்தான் இருந்தது. "படிச்சிட்டியா?"

"எனக்குத்தான் படிக்கத் தெரியாதாமே."

"அந்த ஆளை நான்..."

"ஏய் மிளகா, வாயை மூடு. மேடைக்குப் போறப்ப மூக்கு செவந்திருந்தா போட்டோல நல்லா இருக்காது."

அதிகாரி புது மடிப்புக் கோட்டோடு மேடையேறினார். உள்பையிலிருந்து அட்டையை எடுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏற்ற இறக்கத்தோடு, தடங்கலே இல்லாமல் வாசித்தார்:

"இவர் வீட்டுக் கூரையில் ஓட்டை இல்லை. சின்ன வயதில் நட்சத்திரம் பார்த்ததும் இல்லை. விளக்கை அணைத்தால் குறட்டைதான். இவருடைய தாயார் எட்டாம் வகுப்பு தேறியவர். இருபத்தாறு வருடச் சலவை வேலையில் நாற்பது சட்டைகள் தவிர எதையும் கெடுத்ததில்லை. பெண்ணையும் கெடுக்கவில்லை, கோபம் மட்டும் கொஞ்சம் அதிகம். தம்பி, உங்கள் பையில் ஒரு சீப்பும் இரண்டு மிட்டாயும் இருந்தன. மேசை மேல் வைத்திருக்கிறேன், மறக்காமல் எடுத்துக்கொள்ளவும்."

அப்போதுதான் நிறுத்தினார். அட்டையைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். கை தானாகப் பைக்குள் போய்த் துழாவியது.

அரங்கம் வெடித்தது. கைடு நாற்காலியிலிருந்து வழுக்கிவிட்டார். அப்பா பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம், "எழுதினது இவதான்! இவதான்!" என்று அம்மாவைக் காட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதிகாரி கேட்ட தண்ணீர்தானே, இருக்கட்டும்.

மேடையில் நின்று அம்மாவைத் தேடினேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை. முதல் வரிசையிலிருந்து தன் கழுத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள்.

காலர் மடங்கியிருந்தது. சரிசெய்துகொண்டு விருதை வாங்கினேன்.