ஞாயிறு காலை ஏழு முதல் பத்து வரை

என் வாய் இருக்கிறதே, அதை வாடகைக்கு விட்டால் தாம்பரம் மார்க்கெட்டில் நாலு கடைக்காரர்களாவது போட்டி போட்டு எடுப்பார்கள். அப்பேர்ப்பட்ட வாய் பேச வேண்டிய சமயத்தில் நாலு மாதம் மூடிக் கிடந்தது. மூடியிருக்க வேண்டிய சமயத்தில் திறந்துகொண்டது. யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை, வாய் என்னுடையதுதான்.

எழுபத்தெட்டாம் வருஷம். தாம்பரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் நடுவே இருந்த எங்கள் கல்லூரிக்குத் தன்னாட்சி கிடைத்திருந்தது. பாடத்திட்டத்தை இனி நாமே போட்டுக்கொள்ளலாம் என்றதும் எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. முதல் வேலையாகப் ‘பொதுக் கல்வி’ என்று ஒன்றைக் கட்டாயமாக்கினார்கள். ரசாயனம் படிக்கிறவன் கொஞ்சம் சங்கீதம் கேட்கட்டும், சரித்திரம் படிக்கிறவன் கொஞ்சம் நட்சத்திரம் பார்க்கட்டும் என்று. அதற்கான பாடங்களை ஆசிரியர்கள் ஒரு ஃபாரத்தில் எழுதிக் கொடுப்பார்கள். டீன் எலியேசர் தலைமையில் ஒரு கமிட்டி கூடி அங்கீகரிக்கும். கமிட்டிக்கு ஸ்டெனோ நான், மெட்டில்டா. கொடுத்ததை ஸ்டென்சிலில் அடிப்பதும், கூட்டத்தில் பேசியதைச் சுருக்கெழுத்தில் எடுத்து மினிட்ஸாக அடித்துப் பூட்டி வைப்பதும் என் வேலை.

தாவரவியல் லக்ஷ்மிநாராயணன் சார் கொடுத்த பாடத்தின் பெயர் ‘நாம் மிதிக்கும் புல்’. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“ஏன் சார், மாடு வந்து கேட்டா அட்மிஷன் உண்டா?”

கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், “அதுக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியுமே மிஸ்” என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பொய் சொல்வானேன்?

நவம்பர் கூட்டத்தில் அவருடைய பாடம் திரும்பி வந்தது. துண்டுச் சீட்டில் ஒரே சொல்: ‘மறுபரிசீலனைக்கு’. டிசம்பரிலும் அதே சீட்டு. ஜனவரியிலும் அதே. ஒவ்வொரு முறையும் அவர் என் எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, “இதுல என்ன மிஸ் குறை?” என்று கேட்பார். புத்தகப் பட்டியலை நீட்டினார், தேர்வு முறையை மாற்றினார், பாட முன்னுரையை மூன்று தடவை திருத்தினார். எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஒரே ஒரு வரியைத் தவிர. ‘வெளிநடை: ஞாயிறு காலை ஏழு முதல் பத்து வரை.’ அதாவது பையன்களை வெளியே நடத்திக் கூட்டிப்போய்ப் புல் காட்டும் நேரம்.

எங்களுடையது கிறிஸ்தவக் கல்லூரி. ஒன்பது பேர் கமிட்டியில் ஏழு பேர் ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் பைபிளும் கையுமாகச் சர்ச்சில் இருப்பவர்கள். “ஆராதனை நேரம்னு அவர்கிட்ட எப்படிச் சொல்றது? அவர் இந்து. மத விஷயமா எடுத்துக்கிட்டா மனசு புண்படும்” என்றார் எலியேசர். எல்லோரும் தலையாட்டினார்கள். புண்படக்கூடாது என்று காரணத்தை எழுதாமலே மூன்று முறை அந்த மனுஷனைத் திருப்பி அனுப்பினார்கள். அட கடவுளே, அத்தனை மரியாதை!

அவர்களை மட்டும் சொல்லி என்ன? மினிட்ஸ் என் பீரோவில்தான் இருந்தது. கமிட்டி ரகசியத்தை வெளியே சொல்லக்கூடாது என்பது ஒரு சாக்கு. பாடம் பாஸாகிவிட்டால் அவருக்கு என் அறையில் வேலை இல்லை என்பதுதான் நிஜம். எனக்கு நாற்பத்தாறு வயது. செம்பாக்கத்து வீட்டில் அம்மா போன பிறகு நானும் ரேடியோவும்தான். மாதத்துக்கு நாலைந்து தடவை ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்து, அருகம்புல்லைப் பற்றியும் கோரையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தால் கசக்குமா? போகும்போது அவர் பேண்ட் மடிப்பிலிருந்து ஒட்டுப்புல் விதைகள் தரையெல்லாம் உதிர்ந்து கிடக்கும். பியூன் ஜெயவேலு, நாலு பிள்ளைக்கு அப்பன், துடைப்பத்தோடு வந்து முனகுவான்.

“இன்னாக்கா இது, பில்லு சார் வந்துகினு போனாலே பேஜாரா கீது.”

“வாயை மூடிக்கிட்டுப் பெருக்குடா” என்பேன்.

பிப்ரவரியில் ஒரு நாள் கேட்டேவிட்டேன். “அதென்ன சார், ஞாயித்துக்கெழமை?”

அவர் பேண்ட் மடிப்பில் ஒட்டியிருந்த ஒரு விதையைக் கிள்ளி எடுத்தார். “மத்த நாள்ல காலேஜ் இருக்கு மிஸ். என் ஆத்துக்காரி போனதுக்கப்புறம் இந்த அஞ்சு வருஷமா ஞாயித்துக்கெழமைதான் நகரவே மாட்டேங்கறது. காலம்பற மூணு மணி நேரம் பசங்களோட நடந்துட்டா, மீதியைத் தள்ளிடலாம்.”

சர்ச் விட்டு வந்து, ஒரு ஆளுக்குக் குழம்பு வைத்து, அதைச் சாயங்காலமும் சாப்பிட்டு, ஏரியைப் பார்த்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவளிடம் வந்து சொல்கிறாரே! அப்போதும் பீரோவைத் திறந்து மினிட்ஸைக் காட்டவில்லை.

மார்ச் கூட்டம்தான் கடைசி. அதற்கு இரண்டு நாள் முன்னால் ஜெயவேலு செய்தி கொண்டுவந்தான்.

“பில்லு சார் ரூமைக் காலி பண்றாராம்க்கா. பொஸ்தகத்தையெல்லாம் மூட்டை கட்டிகினு கீறாரு.”

விசாரித்தேன். பொதுக் கல்விக்கு இடம் விடத் தாவரவியலில் இரண்டு பேப்பரைக் குறைத்திருந்தார்கள். இரண்டும் அவருடையவை. அவர் நிரந்தரம் இல்லை. புல் பாடம் பாஸாகாவிட்டால் ஜூனில் அவருக்கு வேலையே கிடையாது. மன்னார்குடியில் அண்ணன் வீட்டுத் திண்ணைக்குத்தான் போக வேண்டும். இத்தனை நாளில் என்னிடம் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. நான் மட்டும் என்னத்தைச் சொன்னேன்?

அவருடைய ஸ்டென்சிலை எடுத்தேன். ‘ஞாயிறு’ என்பதன் மேல் திருத்தும் மையைத் தடவி ஊதினேன். ஈரம் காயுமுன் மேலே அடித்ததில் தாள் கிழிந்துவிட்டது. முழுப் பக்கத்தையும் புதிதாக அடித்தேன். வெளிநடை: சனி காலை ஏழு முதல் பத்து வரை. கூட்டத்தில் இரண்டே நிமிஷத்தில் பாஸ். “நல்ல பாடம்” என்றார் எலியேசர்.

மறுநாள் லக்ஷ்மிநாராயணன் சார் வந்தார். “பாஸாயிடுத்து மிஸ்!” என்று உட்கார்ந்தவர், கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தார். “சனிக்கிழமைன்னு போட்டிருக்கே?”

“நான்தான் மாத்தினேன். ஞாயித்துக்கெழமை சர்ச் நேரம் சார். மூணு தடவையும் அதனாலதான் திரும்பி வந்துச்சு.”

“உங்களுக்கு முதல்லயே தெரியுமா?”

“தெரியும்.”

ஏன் சொல்லவில்லை என்று கேட்பார், கேட்டால் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “சனிக்கிழமை சரி. ஞாயித்துக்கெழமைக்கு நான் என்ன மிஸ் பண்றது?” என்றார்.

பதில் என்னிடம் தயாராக இருந்தது. பிப்ரவரியிலிருந்தே இருந்தது. என் வீட்டுக்குப் பின்னாலேயே ஏரிக்கரை சார், ஏகப்பட்ட புல் கிடக்கிறது, பத்து மணிக்குச் சர்ச் விட்டு வந்துவிடுவேன், வாருங்கள். அவ்வளவுதான். பாழாய்ப்போன வாய் என்ன சொல்லிற்று தெரியுமா?

“ஃபாரத்துல அந்தக் கேள்வி இல்லியே சார்.”

அவர் சிரித்தார். ‘நல்லா சொன்னீங்க’ என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டே எழுந்து, நாற்காலியை மேஜைக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

பிறகு அவர் வரவில்லை. வருவதற்குக் காரணம் என்ன இருக்கிறது? ஜூலையில் ஒரு சனிக்கிழமை ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நாற்பது பையன்களோடு புதர் ஓரமாகக் குந்தி எதையோ பிடுங்கிக் காட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் நகரவில்லை. அவருக்கும் நகர்ந்திருக்காது.

திங்கட்கிழமை காலை நான் ரோட்டு வழியாக பஸ்ஸுக்குப் போகாமல் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போனேன். ஏன் என்று கேட்காதீர்கள். மத்தியானம் ஜெயவேலு துடைப்பத்தோடு வந்தவன், என் மேஜைக்கடியில் உதிர்ந்து கிடந்த விதைகளைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான். அவன் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

“இன்னாக்கா, பில்லு சார் வந்துட்டுப் போனாரா?”

“இல்ல ஜெயவேலு. அது என் சேலைல ஒட்டிக்கிட்டு வந்தது” என்றேன்.