கண்ணாடிப் பெட்டிக்குள் ஆக்சில்

மனித குல வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: சுபாருவுக்கு முன், சுபாருவுக்குப் பின். பழைய சுபாரு கார் வைத்திருப்போர் சங்கத்தின் தலைவர் ஒவ்வொரு கூட்டத்தையும் இந்த வாக்கியத்தோடுதான் தொடங்குவார். சொல்லிவிட்டு, அது சுவரில் ஊறட்டும் என்பதுபோல் சற்று நேரம் மௌனமாக நிற்பார். அந்த மௌனத்தில்தான் கீழ்த்தளத்திலிருந்து பல் ராவும் இயந்திரத்தின் சத்தமும் "இன்னும் கொஞ்சம் வாயைத் தெறங்க" என்ற குரலும் தெளிவாகக் கேட்கும். சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. செயலாளர் பல் டாக்டர். அவர் கிளினிக்கின் மாடிதான் சங்கம். அவர் மேலே வந்துவிட்டால் ஜூனியர் கீழே பார்த்துக்கொள்வார்.

தலைவர் திரைச்சீலைக் கடை முதலாளி. முதுகுக்குப் பின்னால் அவருக்குப் 'பாரம்பரியம்' என்று பெயர். அந்தச் சொல் இல்லாமல் அவரால் ஜன்னலைச் சாத்தச் சொல்லக்கூட முடியாது. மாடி அறையின் நடுவில் அவருடைய கைங்கரியமாக ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. உள்ளே அவர் கடையின் கருநீல வெல்வெட். வெல்வெட்டின் மேல், தனி விளக்கு வெளிச்சத்தில், ஒரு பின்பக்க ஆக்சில் படுத்திருந்தது. சக்கரத்தைச் சுழற்றும் இரும்புத் தண்டு, வேறொன்றுமில்லை. நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய வேகன் மாடலுக்கானது, புத்தம் புதியது. உதிரிபாகக் கடை ஒன்று இழுத்து மூடப்பட்டபோது சங்கம் அந்தக் கடையையே வழித்துத் துடைத்துக் கொண்டுவந்துவிட்டது. எதற்கு? பாதுகாக்க. யாரிடமிருந்து? காரை ஓட்டுகிறவர்களிடமிருந்து.

உறுப்பினர்கள் ஓட்டுவதில்லை. மீட்டர் ஏறினால் மதிப்பு இறங்கும் என்பது அவர்கள் வேதம். ஆண்டு விழாவுக்குக்கூட கார்கள் லாரியில் ஏறித்தான் வரும். லாரி டிரைவர் மைதானத்தில் இறக்கி வைப்பார். சொந்தக்காரர்கள் டாக்சியில் வந்து, கைக்குட்டையால் பானெட்டைத் துடைத்துவிட்டு, கல்யாண போட்டோவுக்கு நிற்பதுபோல் பக்கத்தில் நிற்பார்கள்.

இந்த மாடிக்குத்தான் ஒருநாள் மதியம் செயலாளரின் கொழுந்தியாள் கம்பூட்ஸோடு ஏறி வந்தாள். அவள் மாட்டு டாக்டர். ஊருக்கு மேலே மலைச்சரிவில் பால் பண்ணைகள். மழை பெய்தால் பாதை கரைத்த மாவுபோல் ஆகிவிடும். அந்தப் பாதையில் ஏறுவதற்கென்றே அவள் வைத்திருந்தது அதே பழைய சுபாரு வேகன். போன மாதம் சேற்றுக்குள் மறைந்திருந்த மரக்கட்டை ஒன்று பின்பக்க ஆக்சிலை வளைத்துவிட்டது. மெக்கானிக் அதைக் கழற்றித் தூர எறிந்தார். இப்போது முன்சக்கரங்கள் மட்டும் இழுக்கின்றன. பின்சக்கரங்கள் விருந்தாளி மாதிரி கூட வருகின்றன. தார்ச்சாலையில் போகலாம். மலையில் ஏற முடியாது.

"அத்தான், அந்தப் பெட்டிக்குள்ள தூங்குதே, அது எனக்கு வேணும்" என்றாள்.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது பார்வைக்கு வச்சிருக்கும்மா."

"பாத்தாச்சு. இப்ப கழட்டுங்க. என்ன விலையோ சொல்லுங்க."

"விலைப் பேச்சே இல்ல. உறுப்பினருக்குத்தான் பாகம் குடுக்கலாம். உறுப்பினராகணும்னா தலைவர் உன் காரைப் பரிசோதிக்கணும். ஆன்மப் பரிசோதனை."

"காருக்கா, எனக்கா?"

"காருக்குத்தான். சிரிக்காத. அவர் காதுல விழுந்தா என் பதவி போயிடும்."

அவள் சிரிக்கவில்லை. "போன வாரம் மேல் பண்ணைக்கு நடந்தே ஏறினேன் அத்தான். நான் போய்ச் சேர்றதுக்குள்ள கன்னு செத்துப்போச்சு. அந்தம்மா என்னை ஒரு வார்த்தை திட்டல. தண்ணி எடுத்துக் குடுத்தாங்க, கை கழுவ. அங்க இன்னும் ஒரு கிடாரி நிக்குது, தலையீத்து. எப்ப வேணா வலி எடுக்கும். நீங்க என்னடான்னா இரும்புக்கு வெல்வெட்ல மெத்தை போட்டு, லைட்டு வேற போட்டு வச்சிருக்கீங்க."

"ஞாயித்துக்கிழமை ஆண்டு விழா. காரைக் கழுவி எடுத்துட்டு வா" என்றார் செயலாளர். வேறு எதுவும் சொல்லும் தெம்பு அவருக்கு இல்லை. பற்களிடம் மட்டும்தான் அவர் வீரம் செல்லும்.

ஞாயிறன்று மைதானத்தில் சுபாருக்கள் மினுமினுத்தன. அவள் கழுவத்தான் செய்தாள். ஆனால் மாட்டு டாக்டர் வண்டியின் வாசனை சோப்புக்கெல்லாம் போகாது. லாரியில் வராமல் தானே ஓடி வந்த ஒரே கார் அதுதான் என்பதால், வாசலில் இருந்தவர் அதை டெலிவரி வண்டி என்று நினைத்துப் பின்வழியாக அனுப்பிவிட்டார்.

தலைவர் மேடை ஏறினார். அவர் சொன்ன வரலாறு பிழையில்லாதது. அதை மறுக்க முடியாது. சுபாரு என்பது நாம் கார்த்திகை என்று சொல்லும் நட்சத்திரக் கூட்டம் என்றார். ஐந்து நிறுவனங்கள் ஒன்றானதைத்தான் முத்திரையிலுள்ள ஆறு நட்சத்திரங்கள் சொல்கின்றன என்றார். போருக்கு முன் விமானம் செய்தவர்கள், போருக்குப் பின் அது கூடாது என்றானதும், மிச்சமிருந்த விமான வால் சக்கரங்களை மாட்டி ஸ்கூட்டர் செய்தார்கள். பிறகு சாதாரணக் குடும்பத்துக்கென்று ஒரு குட்டிக் கார். ஜப்பான்காரர்கள் அதற்குச் செல்லமாகப் பொறிவண்டு என்று பெயர் வைத்தார்கள். குத்துச்சண்டைக்காரனின் இரண்டு முட்டிகள்போல் பிஸ்டன்கள் படுத்தவாக்கில் எதிரெதிராக அடிக்கும் எஞ்சினைப் பற்றிச் சொல்லும்போது அவரே மேடையில் இரண்டு முட்டிகளையும் ஆட்டிக் காட்டினார். சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது.

"இறுதியாக," என்று குரலைத் தாழ்த்தினார், "பனி மலைகளில் மின்கம்பியைச் சரிபார்க்கச் சென்ற ஊழியர்கள், குளிரில் நடுங்காமல் ஏற ஒரு வாகனம் வேண்டும் என்று கேட்டார்கள். அந்த எளியவர்களின் வேண்டுகோளிலிருந்து பிறந்ததே நமது நான்கு சக்கர இழுவை. உழைப்பவனின் கண்ணீரே இந்தக் காரின் பாரம்பரியம்."

கைதட்டல் அடங்கியதும் பரிசோதனை. சங்கத்தில் அதற்கு ஒரு முறை உண்டு. சொந்தக்காரர் அந்த ஒரு முறை மட்டும் காரை ஓட்டி மைதானத்தை ஒரு சுற்று வர வேண்டும். தலைவர் பக்கத்து இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எஞ்சின் பேசுமாம், அவர் கேட்பாராம். சுற்று முடிந்ததும் கண்ணைத் திறந்து தலையசைப்பார். மேல்நாட்டுச் சங்கங்களில்கூட இப்படி ஒரு ஞானி கிடையாது என்று செயலாளர் வீட்டில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அவளுடைய வேகனில் தலைவர் ஏறவே இல்லை. ஜன்னல் வழியாக மூக்கை மட்டும் நுழைத்தார். பின்னிருக்கையில் கன்று இழுக்கும் கயிறு, முழங்கை வரை வரும் உறைகள், வாளி. மூக்கு உடனே வெளியே வந்தது.

"இதுல மாடு ஏறியிருக்கா?"

"கன்னுக்குட்டி ஏறியிருக்கு. பெரிய மாடு ஏறாது சார், தலை இடிக்கும்."

"முத்திரைல நாலு நட்சத்திரம்தான் இருக்கு."

"ரெண்டு எங்கயோ விழுந்துடுச்சு. மாடுங்க எண்ணிப் பாக்கிறதில்ல."

சுற்றி நின்ற உறுப்பினர்களின் மனைவிமார்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைவர் மேடைத் தமிழுக்குத் திரும்பினார். "இது காரல்ல. தொழுவம். இதற்கு நம் பாரம்பரியத்தில் இடமில்லை. செயலாளர், அடுத்தவரைக் கூப்பிடுங்கள்."

"இருங்க" என்றாள் அவள். குரல் உயரவில்லை, ஆனால் செயலாளர் ஓரடி பின்வாங்கினார். இந்தக் குரலின் மூத்த பதிப்பு அவர் வீட்டிலேயே இருக்கிறது. "கம்பி பாக்கிறவன் பனியில ஏறினா அது வரலாறு. நான் சேத்துல ஏறினா தொழுவமா? இப்பத்தானே மேடையில கண்ணீர் விட்டீங்க. அந்த மின்சாரக்காரன் இன்னிக்கு இங்க வந்து நின்னா அவனையும் பின்வாசல் வழியாத்தான் அனுப்புவீங்க. அவன் பூட்ஸ் என்ன மணக்குதுன்னு மோந்து பாப்பீங்க."

"அம்மா, உணர்ச்சிவசப்படாதீங்க."

"படுவேன். அந்த ஆக்சில் ஒரு சக்கரத்தைச் சுத்தறதுக்குன்னு செஞ்சது. நீங்க அதை வெல்வெட்ல கெடத்தி மாலை போடாத குறையா வச்சிருக்கீங்க. அது உசிரோட இருக்கு சார், அதைப் போய்ப் பொணமாக்கிட்டீங்க."

தலைவர் பதிலுக்கு வாயைத் திறந்தபோது அவளுடைய போன் அடித்தது. மேல் பண்ணைக்காரம்மா. போனை அவள் காதில் வைத்தாலும் அந்தம்மாவின் குரல் வெளியே வரைக்கும் கேட்டது. "டாக்டரம்மா, கிடாரிக்கு வலி எடுத்துடுச்சு. ஒரு காலு மட்டும் வெளிய வந்திருக்கு. தலையக் காணோம். சீக்கிரம் வாங்கம்மா."

"அதை இழுக்காதீங்க. படுக்க விடாம நடக்க வைங்க. வர்றேன்" என்று வைத்தாள். பிறகு வரிசையைப் பார்த்தாள். அவள் வேகனுக்கு இரட்டைப் பிள்ளைபோல், ஆறு நட்சத்திரமும் குறையாமல், லாரியிலிருந்து அப்போதுதான் இறங்கிய தலைவரின் வேகன் நின்றுகொண்டிருந்தது. நான்கு சக்கரமும் இழுக்கும். சேற்றை அது படத்தில்கூடப் பார்த்ததில்லை.

"சார், உங்க சாவியைக் குடுங்க."

"என் காரை அந்நியர் தொடுவதில்லை."

"சரி, தொடல. நீங்களே ஓட்டுங்க. நான் பக்கத்துல கண்ணை மூடிக்கிட்டு உக்காந்து வர்றேன்."

இந்த முறை சிரிப்பு ஒருவரோடு நிற்கவில்லை. செயலாளரின் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "ஏங்க, கேக்கிறாள்ல. ஒரு உசிரு விஷயம். நீங்க எல்லாம் கைதட்டினீங்களே, எதுக்குத் தட்டினீங்க?" என்று புருஷனைக் கேட்டாள். புருஷன் தலைவரைப் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். "போயிட்டு வாங்க தலைவரே, சங்கத்துக்கே பெருமை" என்றார் ஒருவர். அவருடைய காரைக் கேட்கவில்லை என்ற நிம்மதி அவர் குரலில் இருந்தது.

தலைவர் வேறு வழியில்லாமல் ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். அவள் கயிற்றையும் வாளியையும் கன்றுக்குட்டி நிறத் தோல் இருக்கையின் மேல் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கதவுகள் மூடின. வெளியே நின்றவர்கள் பார்த்தது இவ்வளவுதான்: தலைவர் கண்ணாடியைச் சரிசெய்தார். இருக்கையை முன்னே தள்ளினார். பின்னே தள்ளினார். ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு கீழே, கால் இருக்கும் பக்கம், வெகுநேரம் பார்த்தார். அவளிடம் ஏதோ சொன்னார். அவள் ஒரு கணம் அவரை வெறித்தாள். பிறகு இறங்கி, சுற்றி வந்து, அவரை அந்தப் பக்கம் நகரச் சொன்னாள். கார் தூசி கிளப்பிக்கொண்டு போனது.

மலையில் அந்த வேகன் தான் எதற்குப் பிறந்ததோ அதைச் செய்தது. பாதி வழியில் முத்திரையிலிருந்த ஆறு நட்சத்திரமும் சேற்றில் மூடிப்போயின. தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். இந்த முறை எஞ்சின் பேச்சைக் கேட்பதற்காக அல்ல. பண்ணையில் அவள் கன்றைத் தள்ளித் திருப்பித் தலையைப் பிடிக்கும்வரை கிடாரியின் வாலைத் தூக்கிப் பிடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. "சார், சும்மா நிக்காதீங்க, பிடிங்க" என்றாள். பிடித்தார். கன்று பிழைத்தது. அவருடைய சட்டை பிழைக்கவில்லை.

திரும்பும்போதும் அவளே ஓட்டினாள். அவளுக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு கன்று உயிரோடு எழுந்து நின்றதைப் பார்த்த பிறகும், இதற்கு முந்தைய கன்று சும்மா செத்ததே என்பதுதான் மனதில் ஓடியது. கிளினிக் வாசலில் காரை நிறுத்தி, "பெட்டிச் சாவி உங்ககிட்டதானே இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். தலைவர் தானே மாடியேறி, ஆக்சிலை வெல்வெட்டோடு சுருட்டி எடுத்து வந்து அவள் மடியில் வைத்தார். அவள் உறுப்பினரா என்ற கேள்வியே எழவில்லை.

சங்கத்தில் இதைப் பற்றிப் பல கதைகள் உலவின. தலைவரின் மனம் உழைப்பவர்க்காக இளகிவிட்டது என்று ஆண்டு மலரில் செயலாளர் எழுதினார். மேல் பண்ணைக்கு அவரே நேரில் போய் வால் பிடித்ததைப் பாரம்பரியத்தின் புது அத்தியாயம் என்றும் எழுதினார்.

"இவ்வளவு லேசா எப்படிடி குடுத்தார்?" என்று அக்கா மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். தங்கை பல நாள் மழுப்பினாள். கடைசியில் ஒருநாள், வேகனுக்குக் கீழே படுத்து ஆக்சில் நட்டை முறுக்கிக்கொண்டே, சொல்லிவிட்டாள்.

தலைவருக்குக் கார் ஓட்டத் தெரியாது.