இரண்டாம் பக்கமும் மூன்றாம் பக்கமும்

நூலகத்தின் பின்பக்க அறை ருமியானாவின் பொறுப்பில் இருந்தது. இரண்டு படிக்கும் இயந்திரங்கள், ஓர் இரும்பு அலமாரி, அது நிறைய மைக்ரோபிலிம் சுருள்கள். நகரத்துப் பத்திரிகையின் பழைய இதழ்கள் எல்லாம் அந்தச் சுருள்களில்தான் இருந்தன, தாளில் இல்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் டான்யூப் ஆறு பெருகி நிலவறைக்குள் தண்ணீர் கசிந்ததால், படம் எடுத்து முடித்த கையோடு பைண்டு செய்த தொகுதிகளை லாரியில் ஏற்றிக் காகித ஆலைக்கு அனுப்பிவிட்டார்கள். அதெல்லாம் நடந்தது 1984-ல். படம் எடுத்தவள் ருமியானா. அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. பதினான்கு வருஷம் கழித்து, அதே அறையில் சுருள்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவளும் அவள்தான்.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை கலினா வந்தாள். மருத்துவமனையில் நர்ஸ். இரவுப் பணி இல்லாத வாரமாகப் பார்த்து விடுப்பு எடுத்திருந்தாள். 1971-ஆம் வருஷத்துச் சுருள் வேண்டும் என்றாள். ருமியானா அதை மாட்டிக் கொடுத்து, கைப்பிடியைச் சுற்றும் விதத்தையும் எழுத்து மங்கினால் எதைத் திருப்ப வேண்டும் என்பதையும் காட்டினாள். வேகமாகச் சுற்றினால் கப்பலில் போகிற மாதிரி குமட்டும், அதனால் அரைமணிக்கு ஒருதரம் எழுந்து ஜன்னலைப் பாருங்கள் என்று சொல்லிவைத்தாள்.

எதைத் தேடுகிறாள் என்பதைக் கலினா இரண்டாம் நாள்தான் சொன்னாள். அவளுடைய அப்பா மெதோதி டின் உணவுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவளுக்கு மூன்று வயதிருக்கும்போது லாரி கவிழ்ந்து செத்துப்போனார். வீட்டில் அவருடைய படம் ஒன்றுகூட இல்லை. கல்யாணப் படம்கூட இல்லை. அம்மா ஸ்தான்கா அவரைப் பற்றிப் பேசவே மாட்டாள். அந்த அம்மாவும் போன குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தாள். அடக்கத்துக்கு வந்திருந்த வெல்கோ என்ற பழைய தொழிலாளி, எழுபத்தொன்றின் இலையுதிர்காலத்தில் ஒருதரம் மெதோதியின் போட்டோ பத்திரிகையில் வந்தது என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டாராம்.

“ஏதாவது பரிசு வாங்கியிருப்பாருன்னு நெனைக்கிறேன். என் பொண்ணுக்குக் காது ரெண்டும் விடைச்சுகிட்டு நிக்கும். எங்கம்மா வழியிலயும் இல்ல, எங்க வீட்டுக்காரர் வழியிலயும் இல்ல. எங்கப்பா ஜாடையோ என்னவோ, பாத்தா தெரிஞ்சிடும்.”

மெதோதி என்ற பெயர் காதில் விழுந்ததுமே ருமியானாவுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. லிண்டன் பூத் தேநீர் போட்டு வருகிறேன் என்று சொல்லி வெளியே போனாள்.

மூன்றாம் நாள் மதியம் கலினா கூப்பிட்டாள். அக்டோபர் பதினாறாம் தேதி இதழ். நான்கே பக்கப் பத்திரிகை. முதல் பக்கம் வந்தது, அடுத்த படத்தில் நான்காம் பக்கம் வந்துவிட்டது. நடுவில் இரண்டும் மூன்றும் இல்லை.

“தாள் ஒட்டிகிட்டிருந்திருக்கும்மா. ரெண்டு சேந்து புரண்டிருக்கும். அந்தக் காலத்துல ஒரு நாளைக்கு அறநூறு பக்கம் எடுப்போம்.”

“வேற எங்கயாவது இருக்குமா?”

“தெரியலம்மா,” என்றாள் ருமியானா.

அது பொய். நாட்டில் அச்சாகிற எல்லாப் பத்திரிகையிலும் ஒரு பிரதி தலைநகரத்து நூலகத்துக்குப் போகும் என்பது அந்தக் கட்டடத்தில் தரை துடைக்கிறவர்களுக்குக்கூடத் தெரியும். கலினா சுருளைச் சரியாகச் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டு, சிரமம் கொடுத்துவிட்டேன் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனாள். அவள் அப்படிச் சொன்னதுதான் ருமியானாவுக்குத் தாங்கவில்லை.

அன்று வீட்டுக்கு நேராகப் போகாமல் ஆற்றங்கரையோடு படகுத்துறை வரை நடந்தாள். பதினான்கு வருஷத்துக்கு முன், படம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஸ்தான்கா வந்தது அவளுக்கு நேற்று நடந்ததுபோல நினைவிருந்தது. தையல் கூட்டுறவில் வேலை பார்க்கிற ஒல்லியான பெண். மேல்கோட்டைக் கழற்றாமலே காமிரா மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். எந்த வருஷம் எடுத்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டாள். அறுபத்தொன்பது என்றதும் எழுபத்தொன்று அக்டோபரில் ஒரு தேதியைச் சொல்லி, காரணத்தையும் சொன்னாள். மெதோதி ஆறு டின் தக்காளி விழுதைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வெளியே வரும்போது வாசலில் பிடித்தார்கள். படம் எடுத்துப் பத்திரிகையில் போட்டார்கள். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம்தான் அவர் உயிரோடு இருந்தார். ஊர் இப்போதுதான் மறந்திருக்கிறது. நகரத்தின் ஆண்டு விழாவுக்காகப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் இந்தச் சுருள்களைத்தான் பார்க்கப் போகிறார்கள், அவர்களில் கலினாவும் இருப்பாள்.

“நீ ஒண்ணும் பொய் எழுதப் போறதில்ல. ரெண்டு தாளைச் சேத்துப் புரட்டு, அவ்ளோதான்,” என்றாள் ஸ்தான்கா. “என் பொண்ணுக்குத் தெரியவே கூடாது. நான் செத்த பெறகும்.”

ருமியானா சத்தியம் எதுவும் செய்யவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள். ஒரு வாரம் கழித்து அந்த இதழ் வந்தபோது கண்ணை வேறுபக்கம் வைத்துக்கொண்டு இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினாள். அதை ஒரு நல்ல காரியமாகத்தான் இத்தனை வருஷமும் மனதில் வைத்திருந்தாள்.

படகுத்துறையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தாள். ஸ்தான்கா மறைக்க நினைத்தது திருட்டை. கூடவே முகமும் போய்விட்டது என்பது அன்று அவர்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. மறுநாள் காலை முதல் வேலையாகத் தலைநகரத்து நூலகத்துக்குக் கடிதம் எழுதினாள்.

மூன்று வாரத்தில் உறை வந்தது. உள்ளே, அந்த இதழின் பக்கங்களைப் பொடியாகப் படம் எடுத்த, உள்ளங்கையை மறைக்கிற அளவுக்கு ஒரு மைக்ரோஃபிஷ் தகடு. அறையைத் தாழிட்டுவிட்டு அதை இயந்திரத்தின் கண்ணாடிக்கு அடியில் வைத்தாள். மூன்றாம் பக்கத்தின் கீழ்மூலையில் இருந்தது. பார்த்து முடித்ததும் மருத்துவமனைக்குப் போன் செய்தாள்.

கலினா நர்ஸ் உடுப்போடு, மேலே கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். ருமியானா இயந்திரத்தைப் போடவில்லை. முதலில் உட்காரச் சொன்னாள். படத்தில் என்ன இருக்கிறது, அது ஏன் சுருளில் இல்லை, யார் கேட்டார்கள், யார் செய்தார்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். தாள் ஒட்டியிருக்கும் என்று சொன்னதும் பொய், தெரியாது என்று சொன்னதும் பொய் என்றாள்.

கலினா கையைக் கட்டிக்கொண்டு கேட்டு முடித்தாள்.

“நீங்களும் எங்கம்மாவும் பேசி முடிவு பண்ணிட்டீங்க.”

“ஆமா.”

“அப்ப எனக்குப் பதினாலு வயசு. சரி, சொல்ல முடியாது. இருவதுல சொல்லியிருக்கலாம். எங்கம்மாவ அடக்கம் பண்ண அன்னைக்காவது ஒருத்தர் சொல்லியிருக்கலாம். மூணு நாள் நான் இங்க உக்காந்து கண்ணு வலிக்கப் பாத்தேன். நீங்க எனக்கு டீ போட்டுக் குடுத்தீங்க.”

ருமியானா இயந்திரத்தின் பக்கம் திரும்பினாள்.

“போடுங்க,” என்றாள் கலினா.

விளக்கு எரிந்தது. தொழிற்சாலை வாசல். இரண்டு காவலர்களுக்கு நடுவே தொப்பி போட்ட ஓர் ஆள். கோட்டு திறந்திருந்தது, காலடியில் டின்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. மேலே, ‘நம் மேசையிலிருந்து திருடுகிறவர்கள்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. தொப்பி காதை முழுக்க மூடியிருந்தது. முகம் மட்டும் தெளிவாக இருந்தது. அவர் தலைகுனியவில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நேராகக் காமிராவைப் பார்த்துவிட்டிருந்தார்.

கலினா திரைக்கு வெகு பக்கத்தில் போனாள்.

“வயசு என்ன போட்டிருக்கு?”

“இருபத்திநாலு.”

“என்னைவிட நாலு வயசு சின்னவரு,” என்றாள். பிறகு திரையில் அந்தக் கன்னத்தின் மேல் விரலை வைத்தாள். “சின்னப் பையன்.”

அப்போதுதான் அழுதாள். ருமியானா கிட்டே போகவில்லை. அந்த உரிமை தனக்கு இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

கொஞ்சநேரம் கழித்து, படத்தை மட்டும் பெரிதாக்கித் தரட்டுமா என்று ருமியானா கேட்டாள். தலைப்பு வராமல் வெட்டிக்கொள்ளலாம்.

“வேணாம். தலைப்போட குடுங்க, முழுப் பக்கமும். வெட்டினது போதும்.”

அச்செடுத்த தாளை மடிக்காமல், இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து எடுத்துப் போனாள். மன்னித்தேன் என்றோ மன்னிக்கவில்லை என்றோ அவள் சொல்லவில்லை. வாசலில் நின்று, அந்த வெல்கோ எங்கே குடியிருக்கிறார் தெரியுமா என்று மட்டும் கேட்டாள். ரயில் நிலையத்துக்குப் பின்னால் என்று ருமியானா சொன்னாள். அதற்கப்புறம் தெருவில் பார்த்தால் கலினா தலையசைப்பாள். நின்று பேச மாட்டாள்.

ருமியானா நடந்ததைத் தலைமை நூலகரிடம் போய்ச் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, யாருக்கும் தெரியாத தப்பை எதற்குக் கிளறுகிறாய், தாள் புரண்டதாகவே இருக்கட்டுமே என்றார். அவள் கேட்கவில்லை. தகட்டை ஓர் உறையில் போட்டு அந்த வருஷத்துச் சுருளின் பெட்டிக்குள்ளேயே வைத்தாள். பிறகு பதிவேட்டைத் திறந்து அந்தத் தேதிக்கு நேராக எழுதினாள்: பக்கம் 2, 3 படம் எடுத்தவரால் வேண்டுமென்றே விடப்பட்டன. இப்போது தகட்டில் உள்ளன. கீழே தன் முழுப்பெயரை எழுதி, மை காயும்வரை மூடாமல் வைத்திருந்தாள்.